மெய்யும் மெய்போல்வதும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடப்போர் பழம்பொருட் கடைகளைக் காணாது கடத்தல் அரிது. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழன்று வந்த பர்மாத் தேக்குக் கதவுகள், எனாமல் அடுக்குகள், பீங்கான் சாடிகள், சுவர்க் கடிகாரங்கள், பித்தளைக் குத்துவிளக்குகள் எனப் பலவும் அங்கே வரிசையாய்க் காத்துக் கிடக்கும். அவற்றை விரும்பி வருவோர் எல்லாரும் கேட்கும் வினா ஒன்றே: “இது உண்மையிலேயே பழையதுதானா?” கடைக்காரர் கூறும் விடையும் பெரும்பாலும் ஒன்றே. வாங்குபவர் அதனை எவ்வாறு ஆய்ந்து தெளிகின்றார் என்பதில்தான் அறிவும் அறியாமையும் வேறுபடுகின்றன.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வினா புதிதன்று. 1939-ஆம் ஆண்டு கம்பன் அடிப்பொடி சா. கணேசன் அவர்கள் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்த ஊர் இது. கம்பனைப் பயிலப் புகுவோர் எவரும் ‘வெள்ளி பாடல்’ என்னும் சொல்லைக் கேளாதிருக்க முடியாது. பிற்காலத்தார் பாடிக் கம்பன் வாக்கினுள் கலந்துவிட்ட இடைச்செருகல்களுக்கு வழங்கும் பெயர் அது. இவற்றைப் பிரித்தறிவதில் தமிழறிஞர் இருவேறு நெறிகளைக் கைக்கொண்டனர். ரசிகமணி டி.கே.சி. அவர்கள் செவியையும் சுவையுணர்வையும் துணைக்கொண்டு, கம்பன் நடை இதுவன்று எனத் தமக்குத் தோன்றியவற்றை விலக்கினார். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த டாக்டர் உ.வே.சா. அவர்களின் நெறியோ ஏட்டோடு ஏட்டை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறிப்பது. முன்னது உணர்ந்து தெளிவது. பின்னது சான்று கண்டு தெளிவது. இவ்விரு நெறிகளையும் வகுப்பறையில் பல்லாண்டுகள் விளக்கி வந்த எனக்கு, அவை ஒன்றோடொன்று மோதுவதை நேரிற் காட்டியது ஏட்டுச்சுவடியன்று, ஒரு மகிழுந்து.

பெயருக்கு விலை

முதற்கண் பொருளைச் சிறிது விளக்குதல் வேண்டும். மகிழுந்து செய்யும் நிறுவனங்கள் தம் வழக்கமான வண்டியிலேயே ஆற்றலை மிகுத்தோ, அணி சிலவற்றைச் சேர்த்தோ, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் ஒரு சிறப்புப் பதிப்பை வெளியிடுவதுண்டு. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1972-இல் வெளியிட்ட 911 கரேரா ஆர்.எஸ். 2.7 அத்தகையது. பந்தய விதிகளை நிறைவு செய்ய 500 வண்டிகள் போதுமாயிருந்தன. விரும்புவோர் மிகுந்தமையால் மொத்தம் 1,580 வண்டிகள் செய்யப்பட்டன. பின்புறத்தில் வாத்தின் வால்போல் எழும்பிய தகடு அதன் அடையாளம். அத்தகட்டைச் சாதாரண 911 வண்டியில் பொருத்திவிட்டு ஆர்.எஸ். எனக் கூறி விற்கும் வழக்கமும் பின்னாளில் எழுந்தது. ஆதலின் உலகெங்கும் அவ்வண்டியை வாங்குவோர் வாலைப் பார்த்து மயங்காமல் அடிச்சட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் தொழிற்சாலைப் பதிவோடு ஒப்பிடுகின்றனர்.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஃபியட் நிறுவனம் 2001-இல் பாலியோ என்னும் வண்டியை இந்தியாவில் அறிமுகம் செய்தபோது அதன் விளம்பரத் தூதராக விளங்கியவர் கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கர். 1,242 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட சிறிய வகையும், 1,596 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட பெரிய வகையும் விற்பனைக்கு வந்தன. பெரியதன் ஆற்றல் ஏறத்தாழ 100 குதிரைத்திறன். அக்காலத்தில் நம் தெருக்களை நிறைத்திருந்த மாருதி 800 வண்டியின் ஆற்றல் 40 குதிரைத்திறனுக்கும் குறைவு என்பதை எண்ணினால் இளைஞர் உள்ளம் எத்துணைத் துள்ளியிருக்கும் என்பது விளங்கும். அப்பெரிய வகையை அடிப்படையாகக் கொண்டு, சச்சினின் கையொப்பம் தாங்கி, 500 வண்டிகள் அளவில் வந்த சிறப்புப் பதிப்பே ‘எஸ்10’. கையொப்பமும் எழுத்தும் ஒட்டுத்தாளிலும் அமையக்கூடியன. ஒட்டுத்தாளை யாரும் ஒட்டலாம். சிக்கலின் வேர் அங்கேதான் உள்ளது.

மருமகனின் ஆசை

என் தங்கை மகன் வளைகுடா நாடொன்றில் பணிபுரிபவன். எஸ்10 வெளிவந்த காலத்தில் அவன் பள்ளிச் சிறுவன். நாளிதழில் வந்த அவ்வண்டியின் படத்தை வெட்டித் தன் கணக்கு நோட்டின் அட்டையில் ஒட்டி வைத்திருந்தான். வளர்ந்தான், கடல் கடந்தான், வெயிலில் நின்று பொருள் ஈட்டினான். தங்கையின் திருமணத்தை முடித்தான். வீட்டுக்கு மாடி எடுத்தான். எல்லாம் முடித்து, தனக்கென்று அவன் விரும்பியது அந்த ஒரு வண்டியைத்தான். 2016-ஆம் ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது செட்டிநாட்டு ஊரொன்றில் எஸ்10 வண்டி விலைக்கு வருவதாகத் தரகர் ஒருவர் வாயிலாகக் கேள்வியுற்றான். கேட்ட விலை, அக்காலத்தில் பழைய பாலியோ விற்ற விலையினும் இருமடங்குக்கு மேல். “பேருக்குத்தான் மாமா அந்த விலை” என்றான். அவனுக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரோடு என்னையும் உடன் அழைத்தான்.

என்னை அழைத்தமைக்குக் காரணம் உண்டு. என் அத்தா நகரத்தார் வீடொன்றில் முப்பதாண்டுக்காலம் வண்டி ஓட்டியவர். அவரிடம் நான் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை; ஒரு விதியைக் கற்றுக்கொண்டேன். பழைய வண்டி பார்க்கப் போகுமிடத்தில், “புத்தகத்தைப் படிச்சு முடிச்சுட்டு அப்புறம் பானெட்டைத் தூக்கு. சத்தம் காதில் விழுந்துட்டா கண்ணு எழுத்தைப் படிக்காது” என்பார். பள்ளிக்கூடம் நான்காம் வகுப்போடு நின்றவர் கூறிய அவ்வுரை, ஆராய்ச்சி நெறிமுறை பற்றி நான் படித்த நூல்கள் பலவற்றின் சாரமாய் இன்றும் எனக்குத் தோன்றுகின்றது.

அன்று நிகழ்ந்தது அவ்விதிக்கு மாறாக. வீட்டுக்குரியவர் ஓர் ஆச்சி. வண்டி அவருடைய மகன் வாங்கியது. மகன் காலமாகி ஈராண்டு கழிந்திருந்தது. சாவியை ஆச்சி நீட்டியதும் என் மருமகன் பெற்றுக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டான். பட்டறைக்காரரும் உடன் ஏறினார். ஊர் எல்லைவரை சென்று மீண்டபோது அவன் முகம் நோட்டில் படம் ஒட்டிய சிறுவனின் முகமாகவே மாறியிருந்தது. பட்டறைக்காரர், “எஞ்சின் சுத்தமான ஒன்று புள்ளி ஆறு சார். இழுவை பொய் சொல்லாது” என்றார். அவர் கூற்றில் பிழை ஏதுமில்லை. அது நல்ல எஞ்சின், 1.6 எஞ்சினேதான். இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்னும் நிலையில் இருவரும் நின்றனர்.

ஏடு சொன்ன செய்தி

அதற்குள் ஆச்சி கொணர்ந்து தந்த ஆர்.சி. புத்தகத்தை நான் திண்ணையில் அமர்ந்து படித்தேன். மூன்று உரிமையாளர் பெயர்கள். மூன்றாவது ஆச்சியின் மகன். எஞ்சின் கொள்ளளவு என்ற இடத்தில் 1,242 எனக் குறிக்கப்பெற்றிருந்தது. மருமகனிடம் காட்டினேன். சற்றே துணுக்குற்று, “எழுதினவங்க தப்பா எழுதியிருப்பாங்க மாமா” என்றான்.

ஏட்டில் பிழை நேர்வதுண்டு. எழுதினான் பிழையோ என ஐயுறுவது பதிப்பாசிரியனுக்கும் இயல்பே. எனினும் அவ்வையத்தை வேறொரு சான்றால் தீர்த்துக்கொள்ளாமல் அவன் மேற்செல்லலாகாது. ஆதலின் மூன்று எண்களை எடுத்துக்கொண்டோம். அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணை டார்ச் விளக்கொளியில் பட்டறைக்காரர் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க, நான் புத்தகத்தில் சரிபார்த்தேன். முழுதும் ஒத்தது. அடுத்து எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண்ணை, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் படித்தார். புத்தகத்து எண்ணோடு அது சிறிதும் ஒக்கவில்லை. மூன்றாவது, மேற்சொன்ன கொள்ளளவு. புத்தகம் 1,242 என்கின்றது. வண்டியில் இருப்பதோ 1,596.

ஒரு பிழையாயின் எழுதினவர் கையின்மீது ஏற்றலாம். ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இரண்டு வேறுபாடுகளை அவ்வாறு ஏற்றுதல் பொருந்தாது. புத்தகம் தன்னளவில் முரணின்றி ஒரு சிறிய பாலியோவைப் பேசுகின்றது. அடிச்சட்டம் அதற்குச் சாட்சி கூறுகின்றது. எஞ்சின் மட்டும் வேற்றூரிலிருந்து வந்த விருந்தாளி. பட்டறைக்காரர் கதவோரத்து ரப்பர் பீடிங்கைச் சற்றே விலக்கிக் காட்டினார். உள்ளே வேறொரு நிறம் ஒளிந்திருந்தது. சிறிய பாலியோ ஒன்றுக்குப் பெரிய எஞ்சினைப் பொருத்தி, நிறம் மாற்றி, எஸ்10 என எழுத்து ஒட்டியிருக்கின்றனர். செவி சொன்னதும் மெய். ஏடு சொன்னதும் மெய். ‘எஞ்சின் எது?’ என்ற வினாவுக்கே செவி விடை கூறியது. ‘வண்டி எது?’ என்ற வினாவுக்கு விடை ஏட்டில் இருந்தது.

எஞ்சின் மாற்றுதல் தன்னளவிற் குற்றமன்று. அதனைப் பதிவு அலுவலகத்திற்கு அறிவித்து முறைப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறும் நெறி. இவ்வண்டியில் அது செய்யப்படவில்லை. ஆகவே விலை மட்டுமன்று, பெயர் மாற்றமும் காப்பீடும்கூடச் சிக்கலாகும் நிலை.

ஆச்சியின் வினா

கண்டதை உரியவரிடம் கூறுதல் கண்டறிவதினும் கடினம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். தரகர் சொன்ன விலையை நம்பி ஆச்சி வீட்டுச் செலவுகள் சிலவற்றைத் திட்டமிட்டிருந்தார். அதனினும் பெரிது வேறொன்று. நாங்கள் எண்களைச் சொல்லச் சொல்ல அவர் முகம் வாடிற்று. ஈற்றில், “அப்ப என் மகன் ஊரை ஏமாத்தினான்னு சொல்றீகளா தம்பி?” என்று கேட்டார்.

மருமகன் தலைகுனிந்தான். பட்டறைக்காரர் வண்டியின் மறுபக்கம் சென்றுவிட்டார். விடை கூறும் பொறுப்பு என்மேல் விழுந்தது. ‘உங்கள் மகனும் ஏமாற்றப்பட்டவரே’ என்று சொல்லிவிட்டால் ஆறுதலாயிருக்கும். அதற்கும் என்னிடம் சான்றில்லை. மூவர் கைக்கு மாறிய வண்டியில் எவர் காலத்தில் இது நிகழ்ந்தது என்பதைப் புத்தகம் கூறவில்லை. “ஆச்சி, வண்டிக்குள் இருக்கிற எஞ்சின் புத்தகத்தில் இருக்கிற எஞ்சின் இல்லை. இதுவரைதான் எங்களுக்குத் தெரியும். மாற்றியவர் யார் என்று எதிலும் எழுதியில்லை. எழுதாததை நான் எப்படிச் சொல்வேன்? உங்கள் மகன் மேல் பழி சொல்ல இதில் ஒரு எழுத்தும் இல்லை” என்றேன்.

ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பின்பு உள்ளே சென்று தண்ணீர்ச் செம்பைக் கொணர்ந்து வைத்தார். “அந்தப் பேரைச் சொல்லி இனி யாருக்கும் விக்க வேண்டாம், இருக்கிறதை இருக்கிறபடி சொல்லியே விக்கச் சொல்றேன்” என்றார். அவர் இழந்தது சிறு தொகையன்று. எனினும் மகன் விட்டுச்சென்ற பொருளோடு ஒரு பொய்யும் தம் வீட்டு வாயிலைக் கடந்து பிறர்கைக்குச் செல்வதை அவர் விரும்பவில்லை. என் மருமகன் அவ்வண்டியை வாங்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் வாய் திறவாமல் வந்தான். பல்லாண்டு ஆசை ஒரு பிற்பகலில் முடிந்ததன் வருத்தம் அது. நான் அதனைக் கலைக்கவில்லை.

அழித்த எழுத்தும் அழியாத தடமும்

இங்கு ஓர் ஐயம் எழலாம். அடிச்சட்ட எண்ணையே தேய்த்து அழித்து வேறு எண் பொறித்திருந்தால் என்ன செய்வது? அதற்கும் விடை உண்டு. எஃகின்மீது எண்ணை அடித்துப் பொறிக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் உலோகம் அழுந்தி உருக்குலைகின்றது. மேற்பரப்பைத் தேய்த்தாலும் கீழே அழுந்திய பகுதி எஞ்சியிருக்கும். தடய அறிவியலார் அவ்விடத்தை மெருகேற்றி, தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த நீர்மத்தைத் தடவுவர். அழுந்திய உலோகமும் அழுந்தா உலோகமும் அமிலத்தில் வெவ்வேறு அளவில் அரிபடுதலால், மறைந்த எண் மங்கலாய் மீண்டும் தோன்றும். மிக ஆழமாய்த் தேய்த்துவிட்டாலன்றித் தடம் முற்றும் அழிவதில்லை.

அரிப்பும் மின்வேதியியலும் காரைக்குடிக்கு அயலான செய்திகள் அல்ல. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறப்பு விழாக் கண்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரிலேயே உள்ளது. துருவைப் பகையென்று மட்டும் நாம் எண்ணியிருக்க, உலோகம் அரிபடும் முறையே உண்மையைக் காட்டும் விளக்காகவும் பயன்படுவது வியப்புக்குரியது.

எவ்வளவு மாறினால் வேறாகும்?

இனி, எண்களாற் தீராத வினா ஒன்றுண்டு. இங்கிலாந்தின் பென்ட்லி நிறுவனத்தின் ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்னும் பந்தய வண்டி 1929, 1930 ஆகிய ஈராண்டுகளிலும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வாகை சூடியது. பின்பு எஞ்சின் மாறியது, உடல் மாறியது, 1932-இல் புரூக்லண்ட்ஸ் களத்தில் பெரும் விபத்துக்குள்ளாகி மீண்டும் உருப்பெற்றது. 1990-இல் ஒரு நிறுவனம் அதனை ஒரு கோடி பவுன் விலைக்கு வாங்க உடன்பட்டு, பின்னர் ‘இது அந்த வண்டியே அன்று’ எனக் கூறி மறுத்தது. வழக்கு இலண்டன் உயர்நீதிமன்றம் ஏறியது. 1929-இல் இருந்த பாகங்களில் எஞ்சியவை மிகச் சிலவே என்பது மெய்ப்பிக்கப்பட்டது. எனினும் நீதிபதி ஒட்டன், அவ்வண்டியே ஓல்டு நம்பர் ஒன் எனத் தீர்ப்பளித்தார். மாற்றங்கள் யாவும் இடையறாத ஒரே வரலாற்றுக்குள் நிகழ்ந்தவை. எந்தக் கட்டத்திலும் அந்த வண்டி மறைந்து வேறொன்று அதன் பெயரைச் சூடிக்கொள்ளவில்லை என்பதே தீர்ப்பின் உயிர்நாடி.

இத்தீர்ப்பை ஆச்சி வீட்டு வண்டியோடு வைத்து எண்ணுக. அங்கே பாகங்கள் மாறின, வரலாறு மறைக்கப்படவில்லை. இங்கே மாறிய பாகங்கள் சிலவே, வரலாறோ மறைக்கப்பட்டது. புதுப்பிக்கப்பட்டமையால் ஒரு பொருள் போலியாவதில்லை. புதுப்பித்ததை மறைத்து வேறு பெயர் சூட்டும்போதே போலியாகின்றது. செட்டிநாட்டு வீட்டில் உளுத்த உத்திரத்தை மாற்றினால் வீடு அவ்வீடே. அவ்வீட்டு உத்திரத்தைப் புதுக் கட்டடத்தில் ஏற்றி நூற்றாண்டு கண்ட மாளிகை என்றால் அது பொய்.

நம் அரசின் சட்டமோ இதனினும் கண்டிப்பானது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளிற் சேர்க்கப்பட்ட பகுதியின்படி, முதற் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்யலாம். பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் பேணப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அதன் இன்றியமையா நிபந்தனை. வீட்டுக் கொட்டகையில் பழைய வண்டி வைத்திருப்போர் வாங்கிய இரசீது, பழைய ஆர்.சி. புத்தகம், காப்பீட்டுத் தாள், பட்டறைச் சீட்டு ஆகியவற்றைப் பழந்தாள் எடைக்குப் போடாமல் காத்தல் வேண்டும். நாளை அவ்வண்டிக்கு உரை எழுதப் போவன அத்தாள்களே.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல்

நீங்கள் சுவடியை ஆராயலாம், செப்பேட்டை ஆராயலாம், திருமணத்துக்கு வந்த நகையையோ வேலைக்கு வந்த விண்ணப்பத்தையோ ஆராயலாம். முறை ஒன்றே. விருப்பம் எழுமுன் ஏட்டைப் படியுங்கள். ஒரு சான்றோடு நில்லாமல், அதனைச் சாராத மற்றொரு சான்றைத் தேடுங்கள். உணர்வை இகழாதீர், அது எந்த வினாவுக்கு விடை கூறுகின்றது என்பதை மட்டும் தெளிந்துகொள்ளுங்கள். கண்டதைக் கூசாமல் கூறுங்கள். காணாததைக் கூட்டாமல் நிறுத்துங்கள். போலியைக் கண்டறிந்த களிப்பில் ஒரு மனிதர்மீது பழி ஏற்றிவிடுதல் எளிது. பொருளைப் பற்றிய உண்மைக்குச் சான்று தேடிய நாம், மனிதரைப் பற்றிய சொல்லுக்கும் அதே அளவு சான்று தேடக் கடமைப்பட்டுள்ளோம்.